தலைவரை முந்தக் கூடாது

பங்காரம்மா வீட்டுக்கு டெலிபோன் வந்த நாளிலிருந்து, அது அடித்தால் அடுத்த முனையில் அவளுடைய அண்ணன் கெங்குசாமிதான். மற்றவர்களுக்கும் அந்த எண் தெரியும். அவர்கள் கூப்பிடும்போதெல்லாம் அண்ணன் பேசிக்கொண்டிருப்பார், அவ்வளவுதான்.

அன்றைக்கும் அடித்தது.

"ஏனம்மணி, மாப்ளைக்கு மில்லுல லீவு உட்டுட்டாங்களா?"

"உங்களுக்கு யாருண்ணா சொன்னா?"

"யாரு சொல்லோணும்? வருசா வருசம் இந்த மாசந்தான. சமத்தூருக்கு வந்து சேருங்க. தேங்காய் போடற ஆளுகளை வரச் சொல்லிப்போட்டேன். மாப்ளை கூட நின்னு பாத்துக்கட்டும். அவருக்கும் பொழுது போகோணுமில்ல?"

மாப்பிள்ளை என்பது ராமுலு. பீளமேட்டில் ஒரு மில்லில் ஸ்டோர் கிளார்க். மரியாதைக்காரர். சைக்கிளில் போகும்போது முன்னால் ஒரு மாட்டுவண்டி போனால், அது எந்த ஊருக்குப் போகிறதோ அந்த ஊர் வரைக்கும் பின்னாலேயே போகக்கூடியவர். இப்படிப்பட்டவரிடம் 'வாங்க மாப்ளை' என்றால் போகாமல் என்ன செய்வார்? கல்யாணமான காலத்திலிருந்து அவருடைய லீவெல்லாம் மச்சான் தோப்பில், மரத்தடியில், தலைக்கு மேல் குடையும் குடைக்கு மேல் தேங்காயுமாகக் கழிந்தது.

பங்காரம்மா போனை வைத்தாள்.

"ஏனுங்க, ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. இந்த லீவுல நாம யாரு ஊட்டுக்கும் விருந்தாளி இல்லீங்க."

"உங்கண்ணன் வருத்தப்படுவாருங்களே."

"படட்டும். அவரு லீவு போட்டு வருத்தப்படட்டும். நம்ம லீவுல நாம எங்கியாச்சும் போலாம்."

"எங்கீங்க?"

"எங்கியோ. சைக்கிள் எடுத்தமா, போயிட்டே இருந்தமான்னு இருக்கோணும். 'வாங்க, சாப்டீங்களா, ஏன் எளைச்சுப் போனீங்க'ன்னு ஒரு ஆளு எதுக்க வரப்படாது."

அவளிடம் ஒரு லேடீஸ் சைக்கிள் இருந்தது. ரேஷன் கடைக்கும் மாவு மில்லுக்கும் மட்டுமே போய் அலுத்த சைக்கிள். அவள் சொன்னதைக் கேட்டதும் ராமுலுவுக்கு மில் கேட்டில் ஒட்டியிருந்த நோட்டீஸ் நினைவுக்கு வந்தது. அகில கொங்கு மிதிவண்டி உல்லாசப் பயணக் கழகம் நடத்தும் குழுச் சுற்றுலா. மூன்று வழிகள். விரும்பியதைத் தேர்ந்தெடுக்கலாம்.

"அப்படிப் போடுங்க!" என்றாள் பங்காரம்மா.

கழகத்தின் ஆபீஸ் அவிநாசி ரோட்டில் ஒரு மாடியில் இருந்தது. கீழே ஒரு பலகை: 'இங்கே சைக்கிள் நிறுத்தக் கூடாது. இப்படிக்கு, செயலாளர், மிதிவண்டிக் கழகம்.'

செயலாளர் கதிரேசன், பேசுவதற்கு முன்னால் மேசையை இரண்டு தட்டுத் தட்டுவார். மைக் வேலை செய்கிறதா என்று பார்த்துப் பார்த்து வந்த பழக்கம்.

"வாங்க, உக்காருங்க. என்ன வேணுமுங்க?"

"மூணு வழின்னு போட்டிருந்தீங்க. எதுல போறதுன்னு தெரியலைங்க" என்றார் ராமுலு.

செயலாளர் மேசையைத் தட்டினார். "நல்ல கேள்வி. பேரூர் வழின்னு வெச்சுக்குங்க. தொடக்கவுரை ஒரு முன்னாள் கவுன்சிலரு. நிறைவுரையும் அவரேதான். குரல் கொஞ்சம் கம்மி. சோமனூர் வழின்னா, தறி போட்டிருக்கற பெரிய மனுசங்க அத்தன பேரும் வருவாங்க. பொன்னாடைக்குக் கொறைச்சலே இல்லை. ஆனா தறிச் சத்தத்துல யாரு என்ன பேசறாங்கன்னு ஒண்ணும் காதுல உழுகாது."

"ஏனுங்க, அது நல்லாருக்கும் போலிருக்குதே" என்று பங்காரம்மா கணவனின் காதோரம் சொன்னாள்.

"ஆழியாறு வழிதான் ஒசத்திங்க. நம்ம தலைவரே வாராரு."

"வழியில என்னவெல்லாம் பாக்கலாமுங்க?"

"அதான் சொன்னனுங்களே. தலைவரைப் பாக்கலாம்."

"மேடு கீடு இருக்குதுங்களா? எம்பட சைக்கிளு பழசு."

"மேடை இருக்குதுங்க. மேடு பத்தி நாங்க விசாரிக்கலை."

ஆழியாற்றில் அணையாவது இருக்கிறது என்று பங்காரம்மா ஒரு கணக்குப் போட்டாள். தலைவர் பேசி முடித்ததும் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளலாம். "ஆழியாறே போட்டுக்குங்க" என்றாள். பிறகு சந்தேகம் வந்தது.

"எங்களுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமான்னு நீங்க கேக்கவே இல்லீங்களே?"

"அது உங்க சொந்த விசயம். அதுலெல்லாம் கழகம் தலையிடாது. எங்கே, கை தட்டுங்க பாக்கலாம்."

ராமுலு தட்டினார். செயலாளர் காதைச் சாய்த்துக் கேட்டார். "பந்தல் கடைசி வரைக்கும் வராதுங்க. வீட்டுல பழகிக்குங்க. அம்மணி, நீங்க?"

பங்காரம்மா ஒரே ஒரு தட்டுத் தட்டினாள். ஜன்னலில் இருந்த புறா பறந்து போனது.

"தேறிட்டீங்க. இப்ப விதியைச் சொல்லிடறேன். கழகத்துக்கு ஒரே விதிதான். முன்னால போறவரு தலைவரு. அவரை யாரும் முந்தக் கூடாது. முந்துனாத்தான் தப்புன்னு இல்லீங்க, முந்தற மாதிரி தெரிஞ்சாலும் தப்பு. அதனால உறுப்பினருங்க சைக்கிள்ல பெல் இருக்கப்படாது."

"பெல்லு என்னங்க பண்ணுச்சு?"

"பெல்லு எதுக்கு அடிக்கறோம்? முன்னால போறவரை வெலகச் சொல்லி. தலைவரை வெலகச் சொல்ல நாம யாருங்க?"

ராமுலு ஆமோதித்துத் தலையாட்டினார். அவர் சைக்கிளில் பெல் இருந்து துருப்பிடித்துத் தானாகவே விழுந்து வருடங்கள் ஆகியிருந்தன.

பங்காரம்மாவின் பெல்லைக் கழற்ற சாமுவேல் என்ற மூத்த உறுப்பினர் ஸ்பேனரோடு கீழே வந்தார். போஸ்டாபீசில் வேலை. அமைதியானவர்.

"நீங்க ஆழியாறு போயிருக்கீங்களா, சார்?"

"கழகம் ஆரம்பிச்சதுல இருந்து வருசந்தவறாமப் போறனுங்க."

"எப்படி இருக்குது?"

"நல்லாருக்கும்னு சொல்றாங்க."

பங்காரம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் பெல்லைப் பார்த்தார். பிறகு மாடியை நோக்கிக் குரல் கொடுத்தார். "துரு ஏறிக் கெடக்குதுங்க! கழட்ட வரலை!"

பெல் புத்தம்புதிதாகப் பளபளத்துக்கொண்டிருந்தது.

செயலாளர் யோசித்தார். பீரோவைத் திறந்தார். தலைவருக்கு வந்த பொன்னாடைகள் உள்ளே அடுக்கடுக்காக இருந்தன. அதில் ஒன்றில் பாதியைக் கிழித்துக் கொண்டுவந்து பெல்லுக்குச் சுற்றி, முடிச்சுப் போட்டு, பழக்கதோஷத்தில் அதற்கு ஒரு கும்பிடும் போட்டார். அந்த ஊரிலேயே பொன்னாடை போர்த்தப்பட்ட முதல் பெல் அதுவாகத்தான் இருக்கும்.

சுற்றுலா கிளம்பும் நாள் ஒரு மைதானத்தில் பந்தல். வரவேற்புரை, முன்னிலையுரை, வாழ்த்துரை, வாழ்த்துரை வழங்கியவருக்கு வாழ்த்துரை. சைக்கிள்கள் வெயிலில் நின்றன. கடைசியில் தலைவர் நஞ்சப்பன் எழுந்தார். நல்ல உயரம், வெள்ளை வேட்டி, கையில் ஒரு சைக்கிள் சாவி. அந்தச் சைக்கிள் மேடைக்கு அருகில் மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, அசையாமல் நின்றது.

"எனக்கு முன்னால பேசுனவங்க எல்லாரும் நான் எளிமையானவன்னு சொன்னாங்க. உண்மைதான். என்னையக்காட்டிலும் எளிமையானவங்க இந்தக் கோயமுத்தூர் ஜில்லாவுல யாராச்சும் இருந்தாக் கூட்டிட்டு வாங்க, பாத்துரலாம். தலைவரே, நீங்க சைக்கிள் ஓட்டுவீங்களான்னு கேக்கறாங்க. ஓட்ட மாட்டேன். ஏன்? வேகமா ஓட்டுனா உங்களால பின்னால வர முடியாது. உங்களுக்குக் கஷ்டம். மெதுவா ஓட்டுனா, 'என்ன தலைவரு இவ்வளவு மெதுவாப் போறாரு'ம்பாங்க. கழகத்துக்குக் கஷ்டம். இந்த ரெண்டு கஷ்டத்தையும் யோசிச்சுத்தான், சின்ன வயசுலயே நான் ஓட்டக் கத்துக்காம உட்டுட்டேன். இதுக்குப் பேருதான் தொலைநோக்கு!"

கைதட்டல். ராமுலுவும் தட்டினார். வீட்டில் பழகியது வீண் போகவில்லை.

பிறகு ஊர்வலம் கிளம்பியது. தலைவர் முன்னால் நடந்தார். மாலை போட்ட சைக்கிளை இரண்டு பேர் அவர் பக்கத்தில் பிடித்து வந்தார்கள். அவர் ஹாண்டில்பாரில் ஒரு விரல் வைத்திருந்தார். உறுப்பினர்கள் பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். உக்கடத்துக்கு அருகில் ஒரு கரும்புச்சாற்று வண்டிக்காரர் தள்ளுவண்டியோடு எல்லோரையும் முந்திப் போனார். அவர் உறுப்பினர் அல்ல என்பதால் கழகத்தால் நடவடிக்கை எடுக்க முடியவில்லை.

"ஏனுங்க செயலாளரே, எப்பத்தான் ஏறி ஓட்டறது?" என்றாள் பங்காரம்மா.

"தலைவர் நடக்கறப்ப நாம ஏறி உக்காந்தா மரியாதையா இருக்குமுங்களா?"

உக்கடம் தாண்டியதும் தலைவருக்குக் கால் வலித்தது. அவர் காரில் ஏறினார். சைக்கிளில் காருக்குப் பின்னால் போய்ச் சேர முடியாது என்று ஒரு லாரி வந்தது, சைக்கிள்களை ஏற்றினார்கள். உறுப்பினர்களுக்கு ஒரு வேன்.

"சைக்கிள் டூருன்னீங்க!"

"சைக்கிளும் போகுது, நாமளும் போறோம். ரெண்டும் ஒண்ணாத்தான் போகோணும்னு எங்கீங்க எழுதியிருக்குது?"

வேனில் ஏறவும் நேரமானது. "நீங்க ஏறுங்க." "இல்லீங்க, நீங்க மொதல்ல." "அட, பெரியவங்க நீங்க இருக்க நாங்க ஏறலாமுங்களா?" ராமுலு எல்லோருக்கும் வழிவிட்டு, டிரைவருக்கும் வழிவிட்டு நின்றதில் வண்டி கிளம்பியே விட்டது. பங்காரம்மா கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

கிணத்துக்கடவில் ஒரு வரவேற்பு வளைவு. லாரியிலிருந்து சைக்கிளை இறக்கி, வளைவுக்குள் தள்ளி, போட்டோ எடுத்து, மறுபடி ஏற்றினார்கள். பொள்ளாச்சியில் இன்னொரு வளைவு. இறக்கு, தள்ளு, சிரி, ஏற்று. சாமுவேலின் கை இந்த வேலையில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தது. அவர் சைக்கிள் டயரில் கடையில் ஒட்டிய காகிதம்கூட அப்படியே இருந்தது.

"அடுத்த நிறுத்தம் எங்கீங்க?" என்றாள் பங்காரம்மா.

"ஒரு தோப்புங்க. நம்ம கழகப் புரவலரு ஒருத்தரு, பெரிய தென்னை விவசாயி. அங்கதான் சாப்பாடு."

வேன் நின்றது. வாழை மரம் கட்டிய வளைவில் பெரிய எழுத்து: 'வருக! வருக! புரவலர் சமத்தூர் கெங்குசாமி.'

பங்காரம்மா இறங்கவில்லை. ராமுலு இறங்கினார். மரியாதைக்காரர் அல்லவா.

"மாப்ளே!" என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார் கெங்குசாமி. "அம்மணி எங்க? அட, உள்ளயே உக்காந்துட்டியா? லீவுன்னா இங்கதான வருவீங்க, எனக்குத் தெரியாதா! ஏன் இப்படி ஊரைச் சுத்திக்கிட்டு? பஸ்சுல வந்திருந்தா மத்தியானத்துக்கே வந்திருக்கலாமே! ஏன் எளைச்சுப் போயிட்டே?"

"அண்ணா, நாங்க ஆழியாறு போறோம். இங்க சாப்பிட மட்டுந்தான்."

"ஆழியாறா? எதுக்கு? ஆழியாத்துத் தண்ணி நம்ம தோட்டத்து வாய்க்கால்லயே வருதே! அது இங்க வர்றப்ப நீ எதுக்கு அங்க போறே?"

இதைக் கேட்ட செயலாளருக்கு முகம் மலர்ந்தது. மேசை இல்லாததால் ஒரு தென்னை மரத்தை இரண்டு தட்டுத் தட்டினார். "உறுப்பினர்களே! தலைவருக்குக் கால் வலி. அணையும் நம்மைத் தேடி வந்துபோட்டது. ஆகவே, இந்த வாய்க்காலைப் பார்த்த வகையில் ஆழியாறு பார்க்கப்பட்டதாகத் தீர்மானம் போட்டுக்கலாங்களா? மிச்ச நாளெல்லாம் புரவலர் தோப்புலயே தங்கல்!"

எல்லோரும் கை தட்டினார்கள். கெங்குசாமி மாப்பிள்ளையின் தோளில் கை போட்டார். "ஆளுக நாளைக்கு வராங்க. கொடை உள்ள இருக்குது, மாப்ளை."

ராமுலு மனைவியைப் பார்த்தார். அவள் வேனிலிருந்து மெதுவாக இறங்கினாள். லாரிக்குப் போய்ச் சைக்கிளைத் தானே இறக்கினாள். அவளுடைய ஒரு லீவு, இன்னும் ஒரு வருடத்துக்கு வராத லீவு, வாய்க்காலில் போய்க்கொண்டிருந்தது.

"ஏனுங்க, நீங்களும் இறக்குங்க."

"எதுக்குங்க? தீர்மானம் போட்டுட்டாங்களே."

"இறக்குங்கன்னா."

அதற்குள் வாய்க்காலிலிருந்து பந்திக்கு ஊர்வலம் கிளம்பிவிட்டது. மரங்களுக்கு நடுவே ஒற்றை வண்டித்தடம். முன்னால் தலைவர், பக்கத்தில் மாலை போட்ட சைக்கிள், பின்னால் கழகம். அந்தத் தடம் பந்தியைத் தாண்டிப் போனால் வால்பாறை ரோடு. ரோட்டில் ஏறி இடது கைப்பக்கம் மிதித்தால் ஆழியாறு. தடத்தில் வேறு வழி கிடையாது.

பங்காரம்மா பெல்லில் சுற்றியிருந்த பொன்னாடையை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஏறி உட்கார்ந்தாள். மிதித்தாள்.

கிணிங். கிணிங்.

தோப்பே நின்றது. பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் கையில் இலையோடு நின்றார்கள். செயலாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

தலைவர் நஞ்சப்பன் திரும்பிப் பார்த்தார். அறுபது வருடத்தில் அவருக்குப் பின்னால் யாரும் பெல் அடித்ததில்லை. ஆனால் அவரும் கொங்குநாட்டில் பிறந்து வளர்ந்தவர்தானே? பின்னால் ஒரு பெண்பிள்ளை பெல் அடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று காலுக்குத் தெரிந்திருந்தது. அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார்.

"போங்கம்மணி, போங்க. பாத்து, அங்க கல்லு கெடக்குது."

பங்காரம்மா போயேவிட்டாள்.

"தலைவரே!" என்று ஓடி வந்தார் செயலாளர். "வழி உட்டுட்டீங்களே!"

"கேட்டாங்க, உட்டேன். ஏனப்பா கதிரேசா, இத்தன வருசமா ஒருத்தருங்கூடக் கேக்கலையே. கேட்டிருந்தா அப்பவே உட்டிருப்பனே."

அடுத்தது ராமுலு. அவர் சைக்கிளில் வந்து, தலைவருக்கு நேராக ஒரு காலை ஊன்றி நின்றார்.

"ஏனுங்க, நான் போலாமுங்களா?"

"போங்க, போங்க."

"இல்லீங்க, நீங்க முன்னால போங்க."

"அட, நீங்க போங்க."

"பெரியவங்க நீங்க நிக்கறப்ப..."

"பரவால்லீங்க, போங்க."

இது பொழுது சாயும்வரை நடந்திருக்கும். ரோட்டு மேலிருந்து பங்காரம்மாவின் குரல் வந்தது.

"ஏனுங்க! வாரீங்களா, இல்லை கொடையப் புடிச்சுக்கிட்டு அங்கயே நிக்கறீங்களா?"

ராமுலு தலைக்கு மேலே பார்த்தார். குலை குலையாகத் தேங்காய். கண்ணை மூடிக்கொண்டு மிதித்தார். வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு மனிதரை முந்தினார்.

செயலாளருக்குத் தலை சுற்றியது. விதியைத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். முன்னால் போகிறவர் தலைவர். அப்படியென்றால்?

"அம்மணிதான மொதல்ல போனாங்க?" என்றார் சாமுவேல்.

"மகளிர் முன்னால போனா அது போனதா ஆகாதுங்க. அதை மகளிரணின்னு வெச்சுக்கலாம். ரெண்டாவதாப் போனாரு பாருங்க, அவருதான் முன்னால போனவரு. புதிய தலைவர் ராமுலு வாழ்க! பொன்னாடை எங்கப்பா?"

காரின் மேலே மைக் கட்டி, வால்பாறை ரோட்டில் விரட்டிக்கொண்டு போனார்கள். "புதிய தலைவர் அவர்களே! சற்றே நில்லுங்கள்! ஏற்புரை வழங்குங்கள்!"

ராமுலு திரும்பிப் பார்த்தார். கார் ஜன்னலில் பொன்னாடை கொடிபோலப் பறந்தது. "வேண்டாமுங்க! நான் ஸ்டோர் கிளார்க்குங்க!" என்று கத்திவிட்டு எழுந்து நின்று மிதித்தார். கார் நினைத்தால் ஒரு நொடியில் முந்தியிருக்கும். எப்படி முந்தும்? தலைவர் முன்னால் போகிறாரே! ஆகவே அது அவர் வேகத்துக்கே பின்னால் ஊர்ந்து வந்தது. காருக்குப் பின்னால், வேறு வழியில்லாமல், கழகம் முழுதும் சைக்கிளில் ஏறி வந்தது. கழக வரலாற்றில் முதன்முறையாகப் பெடல்கள் சுற்றின. சாமுவேலின் டயர் காகிதம் அங்கலக்குறிச்சியில் கிழிந்தது.

பங்காரம்மா புளியமர நிழலில் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். "இப்பத்தான் டூரு மாதிரி இருக்குது!" என்று பெல்லை அடித்தாள். எதிரே யாரும் இல்லை. சும்மாதான் அடித்தாள்.

ஆழியாறு சாமுவேல் கேள்விப்பட்டபடியே நன்றாக இருந்தது. ராமுலு முழங்கால் தண்ணீரில் போய் நின்றுகொண்டார். கரையில் நின்ற செயலாளருக்கு ஷூ நனைவதில் சம்மதமில்லை. பொன்னாடையைக் கல்லின் மேல் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். சாமுவேல் தன் காரியரில் ஒருவரை வைத்து மிதித்து வந்திருந்தார். நஞ்சப்பன்.

"பின்னால உக்காந்தா சுகமா இருக்குது, அம்மணி. யாரும் பேசச் சொல்றதில்லை" என்றார் அவர்.

லீவு முடியும்வரை புருசனும் பெண்டாட்டியும் அங்கேயே ஒரு ரூம் எடுத்துத் தங்கினார்கள். மீன் வறுவல் தின்றார்கள். ஒருத்தர்கூட அவர்களைச் சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறக்கும்போதே உள்ளே போன் அடித்துக்கொண்டிருந்தது.

"அம்மணி! மாப்ளை தலைவராயிட்டாராமே! செயலாளர் சொன்னாரு. எனக்கு எத்தன பெருமை தெரியுமா? இனி அவரு பொறப்பட்டு இங்க வர்றது மரியாதை இல்லை. அடுத்த லீவுக்கு நாங்க குடும்பத்தோட உங்க ஊட்டுக்கு வாரோம். லீவு பூராவும் தங்கறோம். தேங்காயெல்லாம் கொண்டாரோம். மாப்ளைகிட்டச் சொல்லு!"

பங்காரம்மா போனை வைத்தாள். அது மறுபடியும் அடிக்க ஆரம்பித்தது.

"யாருங்க? எடுக்கட்டுமா?" என்று பையை இறக்கி வைத்தபடி கேட்டார் தலைவர்.

"நீங்க ஒதுங்குங்க" என்றாள் பங்காரம்மா. இடுப்பில் செருகியிருந்த பாதிப் பொன்னாடையை உருவி, போனை இரண்டு சுற்றுச் சுற்றி, இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டு, அதற்கு ஒரு கும்பிடும் போட்டாள்.